மாமனார் காப்பீடு

ரசச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த துணியைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நீல நிறம். கை ஓரத்தில் வெள்ளைக் கோடு. மார்பில் சின்னதாய் ஒரு பை.

அது துணி இல்லை. என் டி-ஷர்ட்.

"அனிதா! அது என்னோடது!"

"தெரியும். உங்களோடதுன்னாதான் சூடு தாங்குது."

"போன வாரம்கூட போட்டிருந்தேனே!"

"அதனாலதான் இந்த வாரம் கிழிச்சேன். கழுத்து தொளதொளன்னு ஆடுது. அத மாட்டிக்கினு நீங்க வாசல் கேட்டாண்ட நின்னா, பால்காரரு என்னைப் பாத்து பரிதாபப்படறாரு."

அந்த இடத்திலேயே சபதம் செய்தேன். இனி என் டி-ஷர்ட் ஒன்றுகூட அடுப்பங்கரைக்குப் போகாது. சபதத்தை மனத்துக்குள்தான் செய்தேன். வெளியே சொன்னால் மறுபடி ரசம் கிடைக்காது.

என் பெயர் மரிய அருள். கடலூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வாரம் முழுக்க முழுக்கைச் சட்டை, இடுப்பில் பெல்ட், கழுத்தில் அடையாள அட்டை. வீட்டுக்கு வந்து டி-ஷர்ட்டுக்குள் தலையை நுழைக்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் வேலைக்கே போகிறேன். டி-ஷர்ட் என்பது வாங்கிய அன்று வெறும் துணி. துவைத்துத் துவைத்து, வெளுத்து, தொய்ந்து, உடம்போடு பேசிப் பழகி, சில வருடங்கள் கழித்துத்தான் அது டி-ஷர்ட் ஆகிறது. சரியாக அது பழுத்த அன்று என் மனைவி ஆரோக்கிய அனிதா கத்தரிக்கோலோடு அறுவடைக்கு வந்துவிடுவாள்.

மஞ்சள் டி-ஷர்ட் இப்போது ஸ்கூட்டர் துடைக்கிறது. பச்சை டி-ஷர்ட் ஜன்னல் கம்பிக்குப் போனது. சாம்பல் நிறம் தரை துடைக்கும் கட்டையின் நுனியில் தலைகீழாகத் தொங்குகிறது. ஊரார் வண்டிக்கெல்லாம் காப்பீடு எழுதிக் கொடுக்கிறவன் நான். என் மேல்துணிக்குக் காப்பீடு இல்லை.

"கையில கெடைக்கிற துணியெல்லாம் கிழிச்சிடுவியா?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் எதுக்குக் கிழிக்கிறேன்? மரியாதை உள்ள துணிய நான் தொட மாட்டேன். எங்கப்பா கல்யாணத்துக்கு எடுத்துக் குடுத்த வேட்டி ஓட்டை விழுந்து கெடக்குது. தொட்டேனா? சாமி படம் போட்ட காலண்டருங்க? பீரோ மேல பாருங்க."

பார்த்தேன். பீரோவின் மேல் பழைய காலண்டர்கள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. எல்லாம் தேதி முடிந்தவை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு படம். மாதா, அந்தோணியார், சூசையப்பர். படம் இருப்பதால் குப்பையில் போட மாட்டாள். பழைய பேப்பர்காரரிடமும் போட மாட்டாள்.

அப்போது அவள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பக்கத்துத் தெருவுக்கும் கேட்கிற குரலில் பேசினாள்.

"ஆமாண்டி மாலதி, சிதம்பரத்துலதான். கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டு டி-சர்ட்டுல அடிக்கிற கிளாஸாம், ஞாயித்துக்கெழம மத்தியானம். இவரா? அட போடி. இவருக்கு அந்தப் பொறுமை ஏது? ஆம்பளைங்களால ஆவுற காரியமா அது?"

எனக்குள் ஒரே நேரத்தில் இரண்டு மணி அடித்தன. ஒன்று ரோஷ மணி. இன்னொன்று யோசனை மணி.

டி-ஷர்ட்டில் ஒரு படம் இருந்தால்? அவளால் கத்தரிக்கோல் வைக்கவே முடியாத படம்?

முதலில் அந்தோணியாரை நினைத்தேன். ஆனால் அந்தோணியாரை மாட்டிக்கொண்டு மீன்கடையில் இறால் பேரம் பேச முடியாது. பொய் சொல்ல வேண்டி வரும். அந்தோணியாருக்கு அடுத்தபடியாக என் மனைவி வணங்குகிற ஆள் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவளுடைய அப்பா, என் மாமனார், மேல்பட்டாம்பாக்கம் சவரிராயன்.

சர்க்கரை ஆலையில் எடைமேடையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய மீசை. கரும்பு வண்டியைப் பார்த்தே எடை சொல்லிவிடுகிற கண். கல்யாணத்தன்று என்னையும் அப்படித்தான் ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். எடை குறைவு என்று அன்றே முடிவு செய்துவிட்டார். அந்த மீசைமேல் அனிதா கத்தரிக்கோல் வைப்பாளா?

"அனிதா, நான் ஞாயித்துக்கிழமை சிதம்பரம் போறேன்."

"எதுக்கு?"

"டிசைன் கத்துக்க. மனுஷனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேணும்."

"உங்களால முடியாதுங்க."

"முடிச்சிக் காட்டறேன்."

"சரி, உங்க இஷ்டம்" என்றாள். இவ்வளவு சீக்கிரம் அவள் சம்மதித்தது எனக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததும் தயிர்சோறு கட்டிக் கையில் கொடுத்தாள். பஸ் ஏறிவிட்டேன்.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர்கள் கோயிலுக்கா, காலேஜுக்கா என்று மறித்தார்கள். டி-ஷர்ட்டுக்கு என்றேன். விட்டுவிட்டார்கள். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி அறை. நான்கு கம்ப்யூட்டர். மூலையில் சூடு கொடுத்து அழுத்தும் இயந்திரம், தோசைக்கல்லுக்கு மூடி போட்டதுபோல் இருந்தது. கடைக்கு உரிமையாளரும் வகுப்புக்கு ஆசிரியையும் ஒருவரே. பெயர் சிந்துஜா. என் வயதில் பாதி இருக்கும். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், நீங்கதான் கடலூர் சாரா?" என்றார். என் முகத்திலேயே கடலூர் தெரிகிறதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் கொளஞ்சியப்பன். அண்ணாகிராமத்தில் பலாப்பழ வியாபாரி. தன் மண்டியில் வேலை செய்கிறவர்களுக்குப் பலாப்பழம் போட்ட டி-ஷர்ட் கொடுக்க ஆசை.

"படத்துல ஆள மட்டும் விட்டுட்டு, பின்னாடி இருக்கறத அழிக்கணும் சார்" என்று சிந்துஜா சொல்லிக்கொடுத்தார். "மௌஸ வெச்சி ஓரமா, மெதுவா, வெட்டிக்கினே வரணும்."

கொளஞ்சியப்பன் மெதுவாகத்தான் வெட்டினார். ஆனால் பலாவின் முள்ளெல்லாம் ஓரம் என்று நினைத்துவிட்டார். முள் ஒவ்வொன்றாகப் போய், மாலைக்குள் அது கிர்ணிப்பழம் ஆகிவிட்டது.

"பரவால்ல மேடம், வெயில் காலத்துக்கு இதுவும் ஓடும்" என்றார்.

நான் மாமனார் படத்தைத் திறந்தேன். சிந்துஜா தடுத்தார்.

"பெரியவரு படத்துல பழகாதீங்க சார். மீசைய வெட்டிட்டீங்கன்னா வீட்ல பிரச்சினை. மொதல்ல உங்க படத்துலயே பழகுங்க."

நியாயமாகப் பட்டது. அடையாள அட்டைக்கு எடுத்த என் படத்தை எடுத்துக்கொண்டேன். பழகுவதற்கென்று வீட்டிலிருந்து சில வெள்ளை டி-ஷர்ட்டுகள் கொண்டு போயிருந்தேன்.

முதல் வாரம் என் ஒரு காதைக் காணவில்லை. முடியோடு சேர்த்து அதையும் அழித்திருக்கிறேன்.

இரண்டாவது வாரம் காது வந்துவிட்டது. ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பி அனுப்பித் தேய்ந்துபோன படத்தைப் பெரிதாக்கிவிட்டேன். அடித்துப் பார்த்தால் என் முகம் செங்கல் செங்கலாக இருந்தது. பூச்சு வேலை பாக்கி உள்ள வீடு மாதிரி.

மூன்றாவது வாரம் எல்லாம் சரி. பின்னணியைச் சுத்தமாக அழித்துவிட்டேன். பின்னணி போன இடத்தில் கம்ப்யூட்டர் ஒரு அடையாளத்துக்காக வெள்ளையும் சாம்பலுமாகக் கட்டம் காட்டும். முறைப்படி படத்தைச் சேமித்தால் கட்டம் மறைந்துவிடும். நான் முறைப்படி சேமிக்கவில்லை. திரையை அப்படியே போட்டோ பிடித்து ஸ்கிரீன்ஷாட்டை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கட்டமும் சேர்ந்து அச்சானது. சதுரங்கப் பலகையின் நடுவில் யாரோ என் தலையை மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

அதை அனிதாவிடம் காட்டினேன். கையில் வாங்கி விரல்களால் தேய்த்துப் பார்த்தாள்.

"துணி நல்ல கெட்டியா இருக்குதுங்க" என்றாள்.

படத்தை உள்பக்கமாக்கி மடித்து வைத்தாள்.

நான்காவது வாரம் நான் தயாராகிவிட்டேன். மாமனார் படத்தைத் திறந்தேன். மீசையை ஒரு முடி விடாமல் காப்பாற்றினேன். பின்னணி இல்லை, கட்டம் இல்லை, செங்கல் இல்லை. என் மரூன் நிற டி-ஷர்ட்டில், இயந்திரம் அழுத்தி எடுத்தபோது, மாமனார் உயிரோடு பார்த்தார். எடை பார்க்கிற அதே பார்வை.

"சார், கொஞ்சம் கீழ போயிடுச்சி" என்றார் சிந்துஜா. "காலர்லருந்து நாலு விரல் விட்டுப் போட்டிருக்கணும். மேசையில பாக்கறப்ப நெஞ்சு மாதிரிதான் தெரியும்."

வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டபோது அது நெஞ்சு இல்லை, என் தொப்பை என்று புரிந்தது. மாமனாருக்குக் கன்னம் உப்பியிருந்தது. நான் மூச்சை இழுத்தால் அவர் இளைத்தார். விட்டால் தேறினார்.

கூடத்துக்குப் போய் நின்றேன். அனிதா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கத்தி கீழே விழுந்தது.

"அப்பா!"

எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து வயிற்றைப் பார்த்தாள். கண்ணில் நீர். வெங்காயம்தான் என்று நான் சொல்ல மாட்டேன்.

"எப்படிங்க இப்படி? மீசை அப்படியே இருக்குது!"

"பொறுமை வேணும் அனிதா. ஆம்பளைங்களுக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி."

"இந்தச் சட்டைய நான் சாவற வரைக்கும் கிழிக்க மாட்டேன்."

ஜெயித்துவிட்டேன். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து ஒரு முறை நின்றுவிட்டு வந்தேன். மாமனாரும் பார்த்தார்.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுமுறை. காலையிலேயே சில சின்னச் சின்னச் சட்டங்கள் அமலுக்கு வந்தன.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"மீன் வாங்க."

"எங்கப்பாவ வயித்துல மாட்டிக்கினா? கவுச்சி தெறிக்கும். கழட்டுங்க."

கழற்றினேன். மத்தியானம் மாட்டினேன்.

"குப்புறப் படுக்காதீங்க. அப்பாவுக்கு மூச்சு முட்டும்."

மல்லாந்து படுத்தேன்.

"ஏங்க, கொத்சு சாப்பிடறப்ப துண்டு போட்டுக்கோங்க. மீசையில சொட்டுது பாருங்க."

துண்டு போட்டுக்கொண்டேன். துவைத்துக் காயப்போட்டபோதும் தகராறு. நான் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தேனாம். அவள் ஓடி வந்து நிமிர்த்தி, நிழலில் போட்டாள். ஒரு டி-ஷர்ட்டுக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போட்டுக்கொள்ளத்தான் நேரம் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவளே டீ கொண்டுவந்து கொடுத்தாள். டீயோடு பஜ்ஜி. பஜ்ஜியோடு சட்னி. நான் உஷாராகியிருக்க வேண்டிய நேரம் அது.

"ஏங்க, இது ஒண்ணு போதுமா? தொவைக்கிற அன்னிக்கு என்னா போடுவீங்க?"

"அதானே."

"மிச்சம் இருக்கற நல்ல சட்டைங்களுக்கும் அடிச்சிடுங்க. அப்புறம் எதையும் நான் தொட முடியாதுல்ல?"

என் வாயால் கேட்கத் தயங்கியதை அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். பாவம், வெகுளி என்று நினைத்தேன்.

"புதுசாவும் கொஞ்சம் வாங்கிக்கோங்க. பெரிய சைஸா ரெண்டு, காத்தோட்டமா இருக்கும்."

"சரி."

"சின்ன சைஸும் ஒண்ணு ரெண்டு எடுங்க."

"சின்ன சைஸ் எதுக்கு?"

"நீங்க இளைச்சிக்கினே வரீங்க. இன்னும் இளைச்சிப் போனா வேணுமில்ல?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் என்னை இளைத்தவன் என்று சொன்ன முதல் ஆள் அவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பையோடு சிதம்பரம் போனேன். பெரிது, சின்னது, நடுத்தரம், எல்லாவற்றிலும் மாமனாரை அடித்தேன். இந்த முறை காலரிலிருந்து நாலு விரல் விட்டு, நெஞ்சுக்கு நேராக, அச்சுப் பிசகாமல். கொளஞ்சியப்பன் எட்டிப் பார்த்தார்.

"சார், பெரியவரு எலக்சன்ல நிக்கறாரா?"

"இல்ல. என் துணிய காப்பாத்தறாரு" என்றேன்.

பையைக் கொண்டுவந்து பீரோவில் அடுக்கினேன். கதவைத் திறந்தால் அடுக்கடுக்காக மாமனார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதல்முறையாக அந்தப் பார்வையில் எடை சரியாக இருந்தது. நிம்மதியாகக் கதவைச் சாத்தினேன்.

அடுத்த ஞாயிறு மாமனாருக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள். மேல்பட்டாம்பாக்கத்தில் காலைப் பூசைக்குப் பிறகு விருந்து. நான் அலுவலகச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அனிதா மடியில் ஒரு பெரிய மூட்டை.

"என்ன அது?"

"அப்பாவுக்கு துணி."

பொய் இல்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், நான் இளைக்கிறேன் என்றதைத் தவிர, அவள் இந்த விவகாரத்தில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

விருந்து வீட்டில் நான் கை கழுவிவிட்டுத் திரும்பினேன். கூடத்தில் மாமனார் நின்றார், பெரிய சைஸில். நெஞ்சில் மாமனார். பக்கத்தில் என் மச்சான் சகாய ஆனந்த், என் பழைய டி-ஷர்ட்டில், நெஞ்சில் மாமனார். அவன் மனைவி சகாய பிரியா, புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, மாமனார். அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் சின்ன சைஸில், நெஞ்சில் மாமனார். அனிதாவும் மாட்டியிருந்தாள், என் மரூனை. அவள் போட்டபோது மாமனாருக்குக் கன்னம் உப்பவில்லை.

"வாங்க மாமா, போட்டோ எடுக்கலாம்!" என்றான் மச்சான். "செம டிசைன் மாமா! கழுத்து எவ்ளோ சாஃப்ட்டா இருக்குது!"

இருக்கும். நான் வருடக்கணக்காகப் பழக்கிய கழுத்து.

மாமனார் என்னிடம் வந்தார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரிய மீசை கொஞ்சம் நடுங்கியது.

"மாப்ள, நீங்களே பஸ் ஏறிப் போயி கத்துக்கினு பண்ணீங்களாமே. எனக்கு யாரும் இந்த மாதிரி செஞ்சதில்ல. உங்கள நான் கொறைச்சலாதான் போட்டுட்டேன், கல்யாணத்தப்பவே."

இந்த மனிதர் நெஞ்சிலிருந்து என் டி-ஷர்ட்டை எப்படித் திருப்பிக் கேட்பது?

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் மாமா."

"அனிதா பொங்கலப்பவே சொன்னா. 'பொறந்தநாளுக்கு எல்லாருக்கும் ஒங்க படம் போட்ட டி-சர்ட்டு வருதுப்பா, அவருதான் கிளாஸுக்குப் போயி பண்ணப் போறாரு'ன்னு. நான்தான் நம்பல."

பொங்கலுக்கா?

எனக்கு அந்த யோசனையே ஈஸ்டருக்குப் பிறகுதானே வந்தது!

திரும்பும் வழியில் நெல்லிக்குப்பம் தாண்டியதும் ஸ்கூட்டரை ஓரங்கட்டினேன்.

"அனிதா. உண்மைய சொல்லு. சிந்துஜா என்னைப் பாத்த உடனே 'கடலூர் சாரா'ன்னு கேட்டாங்களே, எப்படி?"

"நான்தான் போய்ப் பேசி ஒரு சீட்டு சொல்லி வெச்சேன்."

"மாலதி கிட்ட போன்ல கத்திப் பேசினியே?"

"உங்களுக்குக் கேக்கணும்ல?"

"நீல டி-ஷர்ட்டு?"

"அத கிழிச்சாதான் உங்களுக்குக் கோவம் வரும். எனக்கும் மனசுக்குக் கஷ்டமாதாங்க இருந்துது."

"நேரா என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா செய்வீங்களா? எங்கப்பாவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கச் சொன்னாலே உங்களுக்கு முழங்கால் வலி வந்துடும். உங்க டி-சர்ட்டுக்குன்னா, மழையானாலும் பஸ் ஏறிப் போவீங்க."

ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

"சரி. நான் இப்ப வீட்ல என்னத்த போட்டுக்கறது?"

"புதுசு வாங்கிக்கலாம்ங்க."

"புதுசு பழுக்க நாளாவும். அந்த வெள்ளை டி-ஷர்ட்டுங்க இருக்குதே, நான் பழகினது. காது இல்லாதது, செங்கல், கட்டம் போட்டது. அத போட்டுக்கறேன்."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் வயல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அனிதா?"

"அதுல யாரு படம் இருக்குது?"

"என் படம்."

"அதாங்க. வெளி ஆளு படமா இருந்தா கத்திரி வெக்க கை கூசும். நீங்க நம்ம வூட்டு ஆளுதானே?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். காது இல்லாத நான் தரை துடைக்கும் கட்டையில் இருந்தேன். செங்கல் செங்கலாக இருந்த நான் ஸ்கூட்டருக்குப் போயிருந்தேன். துணி நல்ல கெட்டி என்று அவள் சொன்ன கட்டம் போட்ட நான் மட்டும் அடுப்பங்கரையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் ரசச் சட்டியை என் இரண்டு கன்னத்தையும் பிடித்துத்தான் இறக்குகிறாள்.